வெடிச் சத்தம் ஊருக்கு, அதிகாரம் யாருக்கு?

2021 பிப்ரவரி 23 அதிகாலையில், பெங்களூருக்கு வடக்கே சிக்கபள்ளாபுரம் மாவட்டம் ஹிரேநாகவல்லி அருகே ஜெலட்டின் குச்சிகள் வெடித்து ஆறு பேர் உடல் சிதறி மாண்டனர். கல் குவாரி ஒன்றில் பயன்படுத்தப்பட்டு, சோதனைக்கு அஞ்சி மறைத்துவைக்கப்பட்டிருந்த வெடிமருந்து அது. வெடி வைப்பதை எதிர்த்து ஊர் மக்கள் கொடுத்த புகாரின் பேரில் அக்குவாரியின் வேலை அம்மாதத் தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டிருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னர்தான் சிவமொக்கா அருகே ஹுணசோடுவில் இதே போன்ற கோர விபத்து நிகழ்ந்து, பல கிலோமீட்டர் தொலைவுக்கு நிலம் அதிர்ந்தது.

சத்தம் குறித்த புகார் வெறும் தூக்கக் கேட்டைப் பற்றிய முணுமுணுப்பு அன்று. சட்டவிரோத வெடிமருந்தையும் பாதுகாப்பற்ற பணியையும் ஊர்தான் முதலில் அறிகிறது, காதால் அறிகிறது. அந்த எச்சரிக்கைக்குச் சட்டத்தில் உள்ள மதிப்பு என்ன?

பெங்களூரின் அடுக்குமாடிகளுக்கும் மேம்பாலங்களுக்கும் மெட்ரோவுக்கும் வேண்டிய ஜல்லியும் எம்-சாண்டும் சுற்றுவட்டக் குன்றுகளிலிருந்தே வருகின்றன. கட்டடம் நகரத்தில் எழுகிறது. வெடிச் சத்தமும் தூசியும் சுவர் விரிசலும் கிராமத்துக்கு மிஞ்சுகின்றன. பன்னேர்கட்டா தேசியப் பூங்காவைச் சுற்றிய சூழல் பாதுகாப்பு மண்டலம் 2016 வரைவில் 268.96 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2020 இல் இறுதி ஆணை வந்தபோது 168.84 ஆகச் சுருங்கியது. ரியல் எஸ்டேட், குவாரி முதலாளிகளின் செல்வாக்கு எத்தகையது என்பதற்கு இதுவே சான்று.

விதிகள் இல்லாமல் இல்லை. 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரம்பு வகுத்துள்ளன. அமைதியாக வாழ்வதும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த அளவு ஒரு கால அளவுக்கான சராசரி. சில நொடிகளே நீடிக்கும் வெடி, நாள் முழுவதற்குமான சராசரியில் கரைந்துவிடும். குழந்தை அலறி எழுந்தது கணக்கில் ஏறாது. அதிலும், பகலில் வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ மீறினால்தான் அவ்விதிகளின் கீழ் புகார் கொடுக்க இயலும். வெடியால் ஏற்படும் நில அதிர்வுக்குச் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் தனி வரம்பு வகுத்துள்ளது. ஆனால் அதிர்வை அளக்கும் கருவி ஊராரின் கையில் இல்லை.

அதிகாரமோ சிதறிக் கிடக்கிறது. குவாரிக் குத்தகை மாநிலச் சுரங்கத் துறையிடம், கிரஷர் உரிமம் 2011 ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம், மாசு, வாரியத்திடம், வெடிமருந்தும் சுரங்கப் பாதுகாப்பும் ஒன்றிய அரசிடம். சத்தம் கேட்கும் தொலைவில் இருக்கும் ஊராட்சியிடம் நிறுத்தும் அதிகாரம் இல்லை. உள்ளாட்சி அமைப்புகளே உயிரோடு இல்லை என்பது அதனினும் கொடுமை. பெங்களூர் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. கர்நாடகத்தின் மாவட்ட, தாலுகா பஞ்சாயத்துகளின் பதவிக்காலம் 2021 இல் முடிந்தது. அதன் பின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடத்தப்படவில்லை. ஆட்சியில் பாஜக இருந்தபோதும் காங்கிரஸ் வந்தபோதும் இதில் மாற்றமில்லை.

தமிழ்நாட்டு நிலைமையும் பெருமைப்படத் தக்கதன்று. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை கூடாது என்று 1959 ஆம் ஆண்டின் சிறுகனிம விதிகள் கூறுகின்றன. ஆயினும் 2024 மே தினத்தன்று விருதுநகர் மாவட்டம் ஆவியூர் அருகே குவாரி வெடிமருந்துக் கிடங்கு வெடித்து மூன்று தொழிலாளர்கள் பலியாயினர்.

குவாரியை எதிர்த்தால் வேலை போய்விடும் என்று தொழிலாளியையும் கிராமத்து மக்களையும் மோதவிடுவது முதலாளிகளின் பழைய உத்தி. வெடிக்கு மிக அருகில் நிற்பவர் தொழிலாளிதான். கேட்கும் திறனை முதலில் இழப்பவரும், கல் தூசியால் நுரையீரல் கெடுபவரும் அவரே. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோயாகவே இடம்பெற்றிருந்தது. பதிவேட்டில் பெயரே இல்லாத ஒப்பந்தத் தொழிலாளி அந்த இழப்பீட்டை எங்ஙனம் கோருவார்? இருவரின் கோரிக்கையும் ஒன்றே.

2024 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் கிருஷ்ணராஜ சாகர் அணையைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் சுரங்கப் பணிக்குத் தடை விதித்தது. அணையின் சுவருக்குக் கிடைத்த அக்கறையில் ஒரு பங்கேனும் ஏழையின் வீட்டுச் சுவருக்குக் கிடைக்க வேண்டாமா? கிராம சபையின் ஒப்புதலின்றிக் குத்தகையோ புதுப்பித்தலோ கூடாது. வெடி நேரத்தை ஊராட்சி நிர்ணயிக்க வேண்டும். ஒவ்வொரு வெடியின் உச்ச ஒலியும் நில அதிர்வும் பதிவு செய்யப்பட்டு ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும். விதி மீறலால் பணி நிறுத்தப்படும் நாள்களுக்குத் தொழிலாளிக்குக் கூலியை உரிமையாளரே வழங்க வேண்டும். நிலுவையிலுள்ள உள்ளாட்சித் தேர்தல்கள் உடனே நடத்தப்பட வேண்டும். இக்கோரிக்கைகளை முன்வைத்துக் குவாரித் தொழிலாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் ஒரே மேடையில் திரள்வது காலத்தின் கட்டாயம்.