எந்தத் தீர்ப்பு இறுதித் தீர்ப்பு?

“கோட்டிலை தோத்திட்டம், காணி போட்டுது” என்று சொல்லி ஒதுங்கிவிடும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. எந்த நீதிமன்றத்தில், எந்த விடயத்தில் தோற்றோம் என்று கேட்பவர் குறைவு. 2009 போரின் பின் பரந்தனுக்கும் அயற்கிராமங்களுக்கும் திரும்பியோருக்கு இக்கேள்வி மிக முக்கியமானது.

ஒரு பிணக்கை அதிகாரமுள்ள நீதிமன்றம் விசாரித்துத் தீர்த்துவிட்டால், அதே திறத்தவர் அதே விடயத்தை மறுபடி வழக்காக்க முடியாது. 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 207 ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. கேட்டது மட்டுமல்ல, அந்த வழக்கில் கேட்டிருக்கக்கூடியதும் அத்தோடு முடிந்துவிடும். நீதிமன்றத்தின் அனுமதியின்றி வழக்கைக் கைவிட்டாலும் மீண்டும் தொடர முடியாது. இந்த விதி வேண்டியதே. இல்லையேல் பணமுள்ளவன் ஏழையை ஆண்டாண்டாக நீதிமன்றப் படியேற வைப்பான்.

ஆனால் எல்லாக் கட்டளையும் இறுதியானதல்ல. காணிச் சண்டையால் அமைதி குலையும் என்று பொலிஸார் ஆரம்ப நீதிமன்றத்துக்கு அறிவிப்பது வழமை. 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின்படி நடக்கும் அந்த விசாரணையில், நிலத்தின் ஆட்சி அன்று யார் கையில் இருந்தது என்பதே பார்க்கப்படும். நீதிமன்றத்துக்கு அவ்வாறு அறிவிக்கப்பட்ட நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் ஒருவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால் அவருக்கு ஆட்சி மீளக் கிடைக்கலாம். காணி யாருக்குச் சொந்தம் என்பது அங்கே தீர்க்கப்படுவதில்லை. அக்கட்டளை, மாவட்ட நீதிமன்றத்தில் உரிமையை நிலைநாட்டுவதற்குத் தடையாகாது என்று 74 ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. இதை மக்களுக்கு விளக்குவது நீதிபதியின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. இடம்பெயர்ந்து திரும்பியவர் பெரும்பாலும் ஆட்சியை இழந்தே நிற்பார். ஆகவே அங்கு தோற்பது வியப்பல்ல. அத்துடன் சோர்ந்து இருந்துவிடுவதே ஆபத்து. உறுதிக்காணியில் 10 ஆண்டு தடையற்ற, எதிரான ஆட்சி மற்றவருக்கு உரிமையையே கொடுத்துவிடும்.

இதற்கு நேர்மாறானது பங்கு பிரிக்கும் வழக்கு. 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அதன் தீர்ப்பு, வழக்கில் பெயர் இல்லாதவரையும் கட்டுப்படுத்தும். ஊரில் இல்லாத பங்காளிக்குப் பின்னர் பெரும்பாலும் நட்டஈடு கேட்கும் வழியே மிஞ்சும். சமுகமளிக்காதவருக்கு எதிரான ஒருதலைத் தீர்ப்பும் அப்படியே கட்டும். தீர்ப்பாணை கையளிக்கப்பட்டு 14 நாட்களுக்குள் தக்க காரணம் காட்டினால் மட்டுமே அதை நீக்கலாம்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஆரம்ப நீதிமன்றக் கட்டளையை வாசிக்கும்போதே, “இது சொத்துரிமையைத் தீர்க்கவில்லை” என்று விளங்கும் தமிழில் சொல்லப்பட வேண்டும். சட்டம் ஏற்கெனவே விதித்த கடமை சடங்காகிவிடக் கூடாது. நமது கிராம அமைப்புகளும் நிலஅளவை அறிவித்தல்களைக் கவனித்து, வெளியூரிலுள்ள பங்காளிகளுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

கட்டளையின் பிரதியை எடுத்து வையுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லையேல் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் அதைக் காட்டுங்கள். வழக்கு வைப்பதானால், கேட்க வேண்டியது அனைத்தையும் முதல் வழக்கிலேயே கேளுங்கள். இரண்டாம் முறை அந்தக் கதவு திறக்காது.