விசாரிக்காமல் திருப்பியனுப்புவது நீதியாகாது



மக்காவின் கொடுமை தாளாமல் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்ற ஸஹாபாக்களை மீட்டு வரக் குறைஷியர் இரு தூதர்களை அனுப்பினர். அத்தூதர்கள் அரசவையினருக்கு முன்னதாகவே காணிக்கைகளைக் கொடுத்து, வந்தவர்களிடம் எதுவும் கேளாமலேயே ஒப்படைக்குமாறு மன்னரிடம் பேசச் செய்தனர். நஜ்ஜாஷி அதற்கு இணங்கவில்லை. ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்களின் கூற்றைச் செவிமடுத்த பிறகே தீர்ப்பளித்தார், ஒருவரையும் ஒப்படைக்கவில்லை. மதரஸாக்களில் நாம் கற்பிக்கும் இவ்வரலாற்றின் சாரம் இரக்கம் மட்டுமன்று. முதலில் விசாரணை, பின்னரே முடிவு என்னும் நீதியுமாகும்.

நம் நாட்டில் இந்நீதியின் நிலை என்ன? 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச்சட்டமும் இயற்றவில்லை. ஆகவே, அடைக்கலம் கேட்பவரின் கோரிக்கையை ஆராயச் சட்டப்படியான மன்றம் இல்லை, காரணம் காட்டி மறுக்கும் ஆணையும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. ஐ.நா. அகதிகள் ஆணையம் வழங்கும் அட்டை அரசைக் கட்டுப்படுத்தாது. எஞ்சியிருப்பது உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ தாக்கல் செய்யும் ரிட் மனு ஒன்றே.

அந்தக் கதவும் ஒரே சீராகத் திறப்பதில்லை. 1998இல் ஈராக்கிய அகதிகள் வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம், ஆபத்துள்ள நாட்டுக்கு ஒருவரைத் திருப்பியனுப்பாமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கியதே என்றது; நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு நேராதவரை என்னும் வரம்பையும் விதித்தது. ஆனால் 2021 ஏப்ரல் 8 அன்று, ஜம்முவில் அடைக்கப்பட்ட ரோஹிங்கியாக்களின் நாடுகடத்தலைத் தடுக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. உரிய நடைமுறையைப் பின்பற்றாமல் அனுப்பக்கூடாது என்றது. வேறொரு நாட்டில் நடப்பதைப் பற்றிக் கருத்துரைக்க இயலாது என்றும் கூறியது. அந்த நடைமுறையோ 'நீ எந்நாட்டவன்?' என்று கேட்கிறது. 'திரும்பிச் சென்றால் உனக்கு என்ன நேரும்?' என்று கேட்பதில்லை. உயிருக்கு அஞ்சி வந்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இரண்டாவதுதானே!

2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், இந்தியா தர்மசத்திரமல்ல என்ற கருத்து உச்ச நீதிமன்ற அமர்விலேயே எழுந்தது. வந்தவர் அனைவரையும் ஏற்க வேண்டுமென நாமும் கேட்கவில்லை. குற்றவாளியைத் தண்டிக்கட்டும், பாதுகாப்பு ஐயத்தையும் ஆராயட்டும். ஆயினும் விசாரணை பயணத்துக்கு முன்னரே நிகழ வேண்டும். பிரிட்டன் புகலிடம் மறுத்த ஐந்து இலங்கைத் தமிழர் 1988 பிப்ரவரியில் திருப்பியனுப்பப்பட்டனர். மறு ஆண்டு, அவர்களின் அச்சம் நியாயமானதே என்று மேல்முறையீட்டில் தீர்ப்பாயிற்று. அவர்கள் பிரிட்டனுக்குத் திரும்பினர். உயிரோடிருந்ததால் திரும்பினர். இறந்தவருக்கு எந்தத் தீர்ப்பு பயன்படும்?

ஹுதைபிய்யாவில் அபூஜந்தல் (ரலி) திருப்பியனுப்பப்படவில்லையா எனச் சிலர் வினவலாம். அது எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் கட்டாயம். அவ்வொப்பந்தம் நடப்பில் இருந்தபோதே, ஹிஜ்ரத் செய்து வரும் முஃமினான பெண்களைச் சோதித்தறிய வேண்டும், உண்மையாயின் திருப்பியனுப்பக்கூடாது என ஸூரத்துல் மும்தஹினாவின் 10ஆம் வசனம் கட்டளையிட்டது. விசாரணையும் பாதுகாப்பும் ஒரே வசனத்தில் இணைந்திருக்கின்றன.

நம் சமுதாயத்திடமும் ஒரு சொல். ரோஹிங்கியாக்களுக்காகக் கையேந்தும் நாம், இலங்கைத் தமிழர் என்றதும் மௌனிப்பது முறையன்று. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இருவரையுமே ஒதுக்கியது. கேளம்பாக்கத்தில் வாழும் ரோஹிங்கியாக் குடும்பங்களும், நம் கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடியின் மறுவாழ்வு முகாமில் வாழ்வோரும் ஒரே அச்சத்தைச் சுமக்கின்றனர். அடைக்கலம் கேட்கும் இணைவைப்பாளருக்கும் அபயமளித்து, அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்குமாறு ஸூரத்துத் தவ்பாவின் 6ஆம் வசனம் பணிக்கிறது. அடைக்கலத்துக்கு மார்க்கம் நிபந்தனையன்று.

எனவே, நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் மூன்றைக் கேட்போம்: அகதிகளுக்கென்று ஒரு சட்டம், மறுப்புக்கு எழுத்து வடிவில் காரணம், நீதிமன்றம் அதை ஆராய்ந்து முடிக்கும்வரை நாடுகடத்தலுக்குத் தடை. கேளாத காதுடன் தீர்ப்பளிப்பவர்களாக நம் நாட்டினர் ஆகிவிடாமல் அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.