சொட்டு நீருக்கு 100 சதவீத மானியம்: பட்டா தாத்தா பேரில் இருந்தால் என்ன செய்வது?

தர்மபுரி:
சொட்டு நீர் பாசனம் அமைக்க சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம். 5 ஏக்கருக்கு மேல் இருந்தால் 75 சதவீதம். மத்திய அரசின் திட்டப்படி சிறு விவசாயிக்கு 55 சதவீதம்தான். மீதி 45-ஐ தமிழக அரசு சேர்த்துப் போடுகிறது.

கைக்காசு இல்லாமல் குழாய் வரும்போது, இன்னும் ஏன் பலர் வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள்?

முதல் சிக்கல் காகிதம். சிட்டா, அடங்கல், ஆதார், தாசில்தார் தரும் சிறு விவசாயி சான்று எல்லாம் வேண்டும். பட்டா செத்துப்போன தாத்தா பேரில் இருக்கும். கூட்டுப்பட்டா என்றால் பங்காளி கையெழுத்து போட மாட்டார். வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்து உழுகிறவர் கதை இன்னும் மோசம். அவரிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட கிடையாது.

பணமும் விவசாயி கைக்கு வராது, குழாய் பதித்த கம்பெனிக்குத்தான் போகும். உப்புத் தண்ணீரில் துளை அடைத்துக்கொண்டால் ஆசிட் விட்டு கழுவ வேண்டும். அதை சொல்லிக்கொடுக்க ஆள் வராவிட்டால் குழாய் சுருட்டி வரப்பில் கிடக்கும். அதே நிலத்துக்கு மறுபடி மானியம் 7 வருஷம் கழித்துத்தான்!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1990-ல் இருந்து பம்புசெட்டுக்கு கரண்ட் இலவசம். தண்ணீரை மிச்சப்படுத்தினாலும் பில்லில் ஒரு பைசா குறையாது. போர் வற்றும்போதுதான் சொட்டு நீர் ஞாபகம் வருகிறது.

தோட்டப்பயிர் செய்பவர்கள் வட்டார தோட்டக்கலை அலுவலகத்திலும், மற்ற பயிர் செய்பவர்கள் வேளாண்மை அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் பட்டாவை பேர் மாற்றிக்கொள்வது நல்லது.