காட்சியா, ஷாட்டா?

மும்பையில் கார்ட்டூன் படத் தொழிலில் நம் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அந்தத் தொழிலில் பல ஆண்டுகள் உழன்றவன் என்ற உரிமையில் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்கிறேன். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். பட்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஒருமுறை வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு வரைந்து கொண்டிருந்தோம். "12ஆவது சீனைத் திருத்தி அனுப்புங்கள்" என்று தகவல் வந்தது. எங்கள் கணக்கில் அது சமையலறையில் நடக்கும் முழுக் காட்சி. அதில் ஒன்பது ஷாட்டுகள். ஆறு இரவுகள் கண் விழித்து அத்தனையையும் திருத்தினோம். அவர்கள் கேட்டதோ, படத்தின் தொடக்கத்தில் பூனை கதவைத் தள்ளும் இரண்டே விநாடி! யார் மீதும் தவறில்லை. தவறு சொல்லில் இருந்தது.

சாதாரண சினிமாவில் கேமரா இடைவெட்டு இல்லாமல் ஒரே ஓட்டமாகக் காட்டுவது ஷாட். ஓரிடத்தில், ஒரு நேரத்தில் நடக்கும் ஷாட்டுகள் சேர்ந்தது சீன். சீன்கள் பல சேர்ந்து கதையின் ஒரு பகுதியானால் சீக்வென்ஸ். ஆனால் அமெரிக்கக் கார்ட்டூன் கூடங்களில் ஒற்றை ஷாட்டையே சீன் என்று எழுதும் பழக்கம் வேரூன்றியது. ஜப்பானியர் அதையே கட் என்பார்கள். ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் உறை, உறைமேல் எண்.

இந்த இரண்டு வழக்கமும் நமக்குப் புதியவை அல்ல. பிலிம்ஸ் டிவிஷன் 1956இல் மும்பையில் கார்ட்டூன் பிரிவைத் தொடங்கியபோது, டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் வந்து கற்றுக் கொடுத்தார். அங்கே தொழில் பழகிய ராம் மோகன், 1990களின் தொடக்கத்தில் யூகோ சாகோ, கோய்ச்சி சசாகி ஆகிய ஜப்பானியருடன் சேர்ந்து ராமாயணப் படத்தை இயக்கினார். பிறகு கம்ப்யூட்டர் படங்கள் வந்தன; அவற்றில் சீக்வென்ஸ், ஷாட் என்பதே பெருவழக்கு. எந்த ஊர் வேலை வருகிறதோ, அந்த ஊர்ச் சொல்லைப் பேசி நாம் காலம் தள்ளுகிறோம்.

"பெயரில் என்ன இருக்கிறது, வேலை தெரிந்தால் போதாதா?" என்று கேட்கலாம். விநாடிக்கு 24 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் விநாடிக்கு 12 படம் வரைய வேண்டும். பத்து விநாடியைத் தவறுதலாகத் திருத்தினால் 120 படம் குப்பைக்கு. ஓர் ஓவியனின் பல நாள் கூலி அது.

என் யோசனை இதுதான். பின்னணி, அசைவு, ஒலி எல்லாம் ஷாட் வாரியாகவே பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. ஆகவே வேலைக் கணக்கும் சீக்வென்ஸ், ஷாட் என்ற இரண்டில் நிற்கட்டும். சீன் என்ற சொல் கதை எழுதுபவரோடு இருக்கட்டும். ஷாட்டுகளுக்கு 10, 20, 30 என்று எண் இடுங்கள். நடுவில் புதியது வந்தால் 15 என்று நுழைக்கலாம். நீக்கிய ஷாட்டின் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள். ஸ்டோரிபோர்டிலும் கம்ப்யூட்டர் கோப்பிலும் ஒரே பெயர் இருக்கட்டும். வெளியார் வேலை வந்தால், முதல் நாளே அவர்கள் சொல்லுக்கு நம் சொல் எது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

தமிழில் சொல்லக் கூடாதா என்று அன்பர்கள் கேட்பார்கள். தாராளமாகச் சொல்லலாம். ஆனால் சீனுக்கும் காட்சி, ஷாட்டுக்கும் காட்சி என்றால் பழைய வம்புதான் தமிழ் உடுத்தி வரும். ஒரு பொருளுக்கு ஒரு சொல். அது தமிழானால் இரட்டிப்பு மகிழ்ச்சி.

நம் சங்கத்து இளைஞர்கள் குழந்தைகளுக்காக ஒரு கார்ட்டூன் குறும்படம் எடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். நன்கொடை திரட்டும் முன், பென்சிலைத் தொடும் முன், அரை மணி நேரம் உட்கார்ந்து இந்தச் சொற்களை முடிவு செய்யட்டும். அந்த அரை மணி நேரம் அவர்களுக்கு ஆறு இரவுத் தூக்கத்தை மிச்சப்படுத்தும்.