கழிக்கச் சொல்லும் பண்டிதர்

சென்ற இதழில் அலுவலகக் கணினிகளைப் பற்றி நண்பர் எழுதியிருந்த நீண்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, இப்படியும் ஒருவர் எழுதுவாரா என்ற வியப்பில். இரண்டாம் முறை, இதை நம்பி யாராவது காசோலையில் கையெழுத்துப் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில். மூன்று வயதைத் தாண்டிய கணினி அலுவலகத்தில் இருக்கவே கூடாது என்பது அவருடைய மகாவாக்கியம். மற்றதெல்லாம் அதற்கு அவரே எழுதிக்கொண்ட பாஷ்யம். மூலத்தில் ஓட்டை இருந்தால் உரையில் அடைத்துக்கொள்ளலாம் என்பது நம் பண்டித மரபுக்குப் புதிதல்ல. ஆனால் அந்த உரையாசிரியர்களுக்கு மூலத்தைப் படிக்கும் பழக்கமாவது இருந்தது.

இவருக்கு அது இல்லை என்பதற்கு நன்னூலே சாட்சி. பழையவை போவதும் புதியவை வருவதும் கால இயல்பு, அதில் பிழையில்லை என்று பவணந்தியார் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைத் தெருவில் வீசுவதற்கு அவரிடமே அனுமதி வாங்கிவிட்டார் நண்பர். பவணந்தியார் அதைச் சொல்லதிகாரத்தில், மொழியைப் பற்றிச் சொன்னார் என்பதைக்கூட விட்டுவிடலாம். மாறினால் பிழையில்லை என்றாரே தவிர, மாறாவிட்டால் பிழை என்று எந்தச் சூத்திரத்தில் சொன்னார்? வழுவல்ல என்பதற்கும் கடமை என்பதற்கும் இடையில் ஒரு காவிரியே ஓடுகிறது. நண்பர் அதைச் செருப்பு நனையாமல் தாண்டிவிட்டார்.

மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் போலி வாதங்களை இனம் பிரித்துக் காட்டுவார். அதைப் பாடமாகப் படிக்கிற மாணவர்களுக்கு நண்பரின் கட்டுரையை விடச் சிறந்த பயிற்சி ஏடு கிடைக்காது. முதல் ஏதுவைப் பாருங்கள்: பழைய கணினி மெதுவாக ஓடுகிறது, ஆகவே அதன் மூளை கிழடாகிவிட்டது. மெதுவாக ஓடுவது கண்கூடு. கிழடானது எது என்று திறந்து பார்த்தாரா?

பார்த்திருந்தால் உள்ளே ஒரு ஹார்ட் டிஸ்க் சுழன்றுகொண்டிருந்திருக்கும். நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது நொடிக்கு 120. வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, சுமார் 4 மில்லி நொடி. ஊசிக்கை நகர்ந்து போய் நிற்க இன்னொரு 8 அல்லது 9. ஆக ஒரு துண்டுத் தகவலைத் தேடி எடுக்கவே பன்னிரண்டு, பதின்மூன்று மில்லி நொடி. நொடிக்கு எண்பது துண்டுகள் எடுத்தால் அதிகம். விண்டோஸ் கண் விழிக்கும்போது இப்படிப்பட்ட சின்னத் துண்டுகளை ஆயிரக்கணக்கில் கேட்கிறது. பிராசஸர் என்ன செய்யும்? கல்யாண வீட்டில் இலை போட்டு உட்கார்ந்த விருந்தாளி மாதிரி, சாம்பார் வாளி வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பரிமாறுகிறவர் நொண்டுகிறார் என்பதற்காக விருந்தாளியை எழுப்பி வெளியே அனுப்பச் சொல்வதுதான் நண்பரின் வைத்தியம். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியில் அதே தேடல் மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை.

இந்த இதழுக்குப் பக்கம் கட்டும் எங்கள் அறையில் 2014இல் வாங்கிய நான்காம் தலைமுறை ஐ3 இயந்திரம் இரண்டு இருக்கிறது. 2022 வாக்கில் இரண்டும் காலையில் உயிர் பெறுவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் 240 ஜிபி எஸ்எஸ்டி, கூடுதலாக ஒரு ரேம் பட்டை, விசிறியில் அடைந்திருந்த எட்டு வருடத் தூசிக்கு ஒரு பெயின்ட் பிரஷ். தலைக்கு நாலாயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. டீக்கடைக்காரருக்குத்தான் நஷ்டம். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: வீடியோ வெட்டுகிறவருக்கும், முப்பரிமாணப் படம் வரைகிறவருக்கும் இந்த வைத்தியம் போதாது. அவர்கள் புதிது வாங்கட்டும். வவுச்சர் அடிக்கிற குமாஸ்தாவுக்கு எதற்கு அந்தக் குதிரை?

சரி, அந்த மூன்று வருடம் என்ற கணக்கு நண்பருக்கு எங்கிருந்து கிடைத்தது? அவர் சொல்லவில்லை, அதனால் நான் தேடிப் போனேன். கம்பெனிச் சட்டம் 2013, இரண்டாம் அட்டவணை. டெஸ்க்டாப், லேப்டாப் போன்றவற்றுக்குத் தேய்மானம் போடுவதற்கான பயன் ஆயுள் அதில் 3 வருடம். கணக்கர் புத்தகத்தில் மதிப்பைக் குறைத்துக்கொண்டு வருவதற்காக வைத்த ஆயுளை, இயந்திரத்தின் நெற்றியில் எழுதிய விதி என்று படித்திருக்கிறார் நமது ஜோசியர். அதே அட்டவணையில் மேசை நாற்காலிக்கு 10 வருடம் என்று இருக்கிறது. பதினோராம் வருடம் நண்பர் தரையில் உட்கார்ந்து எழுதினாரா?

அவர் கட்டுரையில் உண்மை ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பாதுகாப்புத் திருத்தம் வராத இயந்திரத்தை இணையத்தில் திறந்து வைப்பது, பூட்டில்லாத வீட்டைத் திருவிழா நாளில் விட்டுப் போவதற்குச் சமம்தான். ஆனால் இந்த ஓர் உண்மையின் முதுகில் அவர் ஏற்றுகிற சுமையைப் பாருங்கள். விண்டோஸ் 11 கேட்கிற எட்டாம் தலைமுறை பிராசஸரும் டிபிஎம் 2.0 சில்லும் இல்லாத எந்தக் கணினியும் தொழில்நுட்ப ரீதியாகவே தகுதியற்றது என்கிறார். அப்படியானால் மைக்ரோசாஃப்ட் தானே விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2இல் இருந்த ஏழாம் தலைமுறை சில்லுக்கு அனுமதிப் பட்டியலில் இடம் கிடைத்தது எப்படி? ஊராருக்குத் தீட்டு, மாப்பிள்ளைக்கு மட்டும் தீர்த்தம் என்பது எந்த ஆகமம்?

அதைக்கூட விடுங்கள். வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் வரை நீட்டிப்பை மைக்ரோசாஃப்டே கொடுத்தது. நண்பர் கட்டுரையில் அதைப் பற்றி மூச்சு இல்லை. லினக்ஸ் என்ற சொல்லே அவர் அகராதியில் இல்லை. சென்னையிலேயே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்று ஒன்று இருப்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். எங்கள் இரண்டு இயந்திரங்களில் ஒன்று லினக்ஸில் மின்னஞ்சலும் கணக்கும் பார்க்கிறது. பக்கம் கட்டுகிற மற்றொன்றுக்கு இணைய வயரே கிடையாது. வெளியிலிருந்து வருகிற கோப்பு எதுவானாலும் லினக்ஸ் இயந்திரத்தில் சோதனை முடிந்த பிறகுதான் அதற்குள் நுழையும். தலைவலி என்றால் தலையை எடுப்பதைத் தவிர வேறு வழியும் உண்டு என்று காட்டவே இவ்வளவும் சொல்கிறேன்.

பிரிண்டருக்கு வருவோம். டாட் மேட்ரிக்ஸ் என்ற பெயரைக் கேட்டதுமே நண்பருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அருங்காட்சியகத்துக்கு அனுப்பச் சொல்கிறார். ஏதாவது ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் வாசலில் பத்து நிமிடம் நின்றிருந்தால் அந்தச் சிரிப்பு அடங்கியிருக்கும். ஒன்பது ஊசிகள் ரிப்பனை அடிக்கின்றன. அந்த அடி கார்பன் வழியாக இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இறங்குகிறது. பிறகு போடுகிற கையெழுத்தும் அப்படியே மூன்றிலும் இறங்குகிறது. அனுப்பியவருக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று, மூன்றும் ஒரே அடியில் பிறந்தவை, ஒன்றை மட்டும் மாற்றி எழுத முடியாது. இன்க்ஜெட்டும் லேசரும் எவ்வளவு விலையானாலும் இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் அவை தாளை அடிப்பதே இல்லை. ஜிஎஸ்டி விதி 48இன்படி, மின்-விலைப்பட்டியல் கட்டாயமில்லாத வணிகர் சரக்குக்கான பில்லை மூன்று படியாகப் போட வேண்டும் என்று சட்டமே சொல்லும்போது, அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியது பிரிண்டரா, கட்டுரையா?

அதற்குப் பதிலாக அவர் சிபாரிசு செய்வது கார்ட்ரிட்ஜ் போடுகிற மலிவு இன்க்ஜெட். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்ன கிழவி பிரிண்டரைப் பார்த்ததில்லை. ஆனால் நண்பரைவிட நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறாள். வாரத்துக்கு நாலு தாள் அடிக்கிற ஆபீசில், நம்மூர் மே மாத வெயிலில், மை தலையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். அடைப்பெடுக்கிறேன் என்று பிரிண்டர் தானே பாதி மையைக் குடித்துத் தீர்க்கும். லேசரின் டோனர் தூள், காய்வதற்கு அதில் ஈரமே இல்லை. 12ஏ டோனருக்குத் தூள் நிரப்பித் தருகிறவர் இல்லாத தாலுகா ஊரைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

வெளி ஆளிடம் மை நிரப்புவது திருட்டுக்குச் சமம் என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார். 2016 செப்டம்பர் 13ஆம் தேதி, காசு கொடுத்து வாங்கிய எச்பி ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் ஊரெங்கும் அதுவரை ஏற்றுக்கொண்டிருந்த வேற்றுக் கம்பெனி கார்ட்ரிட்ஜ்களை ஒரே நாளில் தள்ளிவிட்டனவே, அந்தச் செயலுக்கு நண்பரின் தர்ம சாஸ்திரத்தில் என்ன பெயர்? இன்னொரு செய்தி. இன்று எல்லாரும் மெச்சுகிற இன்க் டேங்க் பிரிண்டரை எப்சன் 2010இல் முதலில் இறக்கியது இந்தோனேசியாவில். காரணம், அங்கே தெருக்கடைக்காரர்கள் பிரிண்டருக்கு வெளியே டப்பாவைக் கட்டி, குழாய் போட்டு, மையை ஓடவிட்டுக் கம்பெனிக்கு வழி காட்டிவிட்டார்கள். நண்பர் திருடர் என்கிறவர்களிடம் பாடம் படித்துவிட்டு வந்திருக்கிறது ஜப்பான்.

மெலிந்த லேப்டாப் மீது அவருக்குள்ள காதலைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. காதலில் மூன்றாம் மனிதர் நுழையக் கூடாது. மெலிவே வளர்ச்சி என்றால், 2015இல் ஆப்பிள் கொண்டுவந்த பட்டாம்பூச்சி விசைப்பலகை தூசு பட்டாலே விசை ஒட்டிக்கொள்ள, அந்தக் கம்பெனி இலவசமாகப் பழுது பார்க்கும் திட்டம் அறிவித்து, கடைசியில் 2022இல் 5 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டதே, அது எந்த வளர்ச்சி? நம் ஆபீஸ்களில் டிவிஎஸ் கோல்டு கீபோர்டு போடுகிற சடசடச் சத்தம் அவர் காதுக்கு நாராசமாம். அந்தச் சத்தத்தில்தான் எத்தனையோ டிடிபி தொழிலாளர்களின் வீட்டில் உலை கொதித்தது. சத்தத்தை விட முக்கியமான சங்கதி வேறு. மெலிய வைப்பதற்காக ரேமை போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள். பிறகு கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. மூன்று வருடத்தில் மூச்சு முட்டும்படி செய்த பொருளையே வாங்கச் சொல்லிவிட்டு, மூன்று வருடத்தில் மூச்சு முட்டுகிறது பாருங்கள் என்று அதையே சான்றாகவும் காட்டுகிறார். ஏதுப்போலிக்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டை அறவண அடிகளாலும் கொடுத்திருக்க முடியாது.

கடைசியாக மேகம். கோப்புகளை எல்லாம் கிளவுடில் ஏற்றிவிடுங்கள், சொந்தமாக பேக்கப் வைப்பது பாட்டி காலத்துப் பழக்கம் என்கிறார். தன் மேசையில், தன் கண் முன்னால் இருக்கிற கணினியை மூன்று வருடத்துக்கு மேல் நம்பாதவர், எந்த ஊரில் யார் பராமரிப்பில் இருக்கிறது என்றே தெரியாத கணினியை மட்டும் காலமெல்லாம் நம்புகிறார். 2025 செப்டம்பர் 26ஆம் தேதி தென்கொரியாவின் டேஜான் நகரத்து அரசுத் தகவல் மையத்தில் தீப்பிடித்தது. ஜி-டிரைவ் என்ற அரசாங்க மேகத்தில் இருந்த 858 டெராபைட் கோப்புகள் போயே போய்விட்டன. அளவு பெரியது என்பதால் அதற்கு வெளியில் பேக்கப் எடுக்கவில்லை. ஆபீஸ் கணினியில் வைக்காதீர்கள், மேகத்திலேயே வையுங்கள் என்று அந்த அதிகாரிகளுக்குச் சொல்லியிருந்தார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். அவர்களுக்கும் நண்பரைப் போல ஒருவர் ஆலோசனை சொல்லியிருப்பார். தீ பிடித்தது யுபிஎஸ்ஸின் லித்தியம் பேட்டரியில். எங்கள் அறை யுபிஎஸ்ஸின் ஈய அமில பேட்டரி இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை வயிறு உப்பிக்கொள்ளும். அதற்குத் தெரிந்த கோபம் அவ்வளவுதான். கிளவுட் வேண்டாம் என்று சொல்லவில்லை, நாங்களும் ஒரு படி அங்கே வைத்திருக்கிறோம். இன்னொரு படி பீரோவில் வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது.

இத்தனையும் எழுதிவிட்டு நண்பர் கடைசிப் பத்தியில் சுற்றுச்சூழலுக்காகக் கண்ணீர் வடித்திருக்கிறார். 2022இல் மட்டும் உலகம் கழித்த மின்குப்பை 6.2 கோடி டன் என்றும், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம்தான் என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் தூக்கி எறியச் சொல்லும் அதே பேனாவால் அந்தக் குப்பைக்கு இரங்கற்பாவும் எழுத எப்படிக் கை வந்தது?

விடை கட்டுரைக்கு அடியில், பொடி எழுத்தில் இருந்த ஆசிரியர் குறிப்பில் கிடைத்தது. நண்பர், நிறுவனங்களுக்குக் கணினிகளை மூன்று வருடக் குத்தகைக்கு எடுத்துத் தரும் ஆலோசகராம். அதைக் கட்டுரையின் முதல் வரியாகப் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு மையும் வாசகருக்கு இவ்வளவு நேரமும் மிச்சமாகியிருக்கும். விற்பது குற்றமா? இல்லை. விலைப்பட்டியலுக்குப் பவணந்தியாரை முன்னுரை எழுத வைத்ததுதான் குற்றம்.

ஒரு தகவல். நண்பர் தன் கட்டுரையைக் கிளவுட் இணைப்பாக அனுப்பியிருந்தார். அதைத் திறக்க அனுமதி இல்லை என்று வந்தது. இரண்டு முறை அனுமதி கேட்டோம், பதில் இல்லை. மூன்றாம் நாள் அவர் ஆபீஸ் பையன் பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்தான். 2014ஆம் வருடத்து ஐ3இல் பக்கம் கட்டி, தூள் நிரப்பிய டோனரில் மெய்ப்பு எடுத்து அனுப்பினோம். மூன்று எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். அச்சின் தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.