ஆமை புகுந்த வீடு

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. நாலு வீடு தள்ளி இருக்கும் மாமி ஒருவரின் தக்காளிப் பாத்திக்குள் ஒரு ஆமை. சோற்றுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்த அளவு. "இது எங்கயிருந்து வந்தது? என்ன செய்யிறது?" என்று மாமி கேட்டிருந்தா.

பதில்கள் மளமளவென்று வந்தன. "ஐயோ, வீட்டுக்குள்ள மட்டும் விட்டிடாதேங்கோ." "ஆமை புகுந்த வீடு உருப்படாது எண்டு தெரியாதே?" "பாவம், ஆத்தில விட்டிடுங்கோ, புண்ணியம்." "ஹைலன்ட் கிரீக் கிட்டத்தானே."

"யாருடைய ஆமை?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை. அப்போது வேலைக் கூட்டம் ஒன்றில் இருந்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கால்கள் குட்டி யானையின் கால்கள் மாதிரி இருந்தன. தரையாமை. ஒன்ராறியோக் காட்டில் தரையாமையே கிடையாது, ஆகவே இது யாரோ வளர்த்ததுதான் என்று எனக்கு விளங்கியது. "ஆராவது சொல்லுவினம்தானே" என்று நினைத்துப் போனைக் கவிழ்த்து வைத்தேன். பின்னேரம் பார்த்தபோது, "ஆத்தில விட்டாச்சு" என்று மாமி எழுதியிருந்தா. கீழே கும்பிடும் கைகள் பத்துப் பன்னிரண்டு.

வியாழக்கிழமை ஒரு சின்னப் பிள்ளையும் அவளுடைய அப்பாவும் வீடு வீடாக வந்தார்கள். கையில் ஆமையின் படம் போட்ட தாள். ஞாயிற்றுக்கிழமை வேலிக்குக் கீழே மண்ணைத் தோண்டிக்கொண்டு போய்விட்டதாம். மாமி கதவடியிலேயே அழுதுவிட்டா. அன்றிரவு ஏழெட்டுப் பேர் டோர்ச் லைட்டோடு கிரீக் கரை முழுக்கத் தேடினோம். கிடைக்கவில்லை.

தம்பி தங்கைமாரே, தரையாமைக்கு நீந்தத் தெரியாது. ஆழமான தண்ணீரில் போட்டால் மூழ்கிச் செத்துப்போகும். புண்ணியம் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் செய்தது ஒரு கொலை. அதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பழமொழியோடு ஒரு கணக்குத் தீர்க்க வேண்டும். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது." அமீனா என்றால் கடன் கட்டாதவர் வீட்டுச் சாமானை ஜப்தி செய்ய வரும் நீதிமன்ற ஆள். அவர் வந்ததால் அந்த வீடு கெடவில்லை. வீடு ஏற்கெனவே கெட்டுப்போனதால்தான் அவர் வருகிறார். பழமொழியின் ஒரு பாதியே காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டிருக்கிறது. மற்றப் பாதியை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

இதைச் சொன்னால் உடனே சிலர், "அது ஆமை இல்லை தம்பி, பொறாமை, கல்லாமை, இயலாமை, அதைத்தான் முன்னோர் சொன்னவை" என்று விளக்கம் சொல்லுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விளக்கம் ஆமையைக் காப்பாற்றுவதற்காக வரவில்லை, பழமொழியைக் காப்பாற்றுவதற்காக வந்தது. முன்னோர் சொன்னது உண்மையிலேயே ஆமையைத்தான் என்றால், அது பிழை என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதனால் தமிழுக்கு ஒரு குறையும் வராது.

அதே தமிழில்தான் திருவள்ளுவர், ஐந்து புலன்களையும் அடக்குவதற்கு ஆமையைப் பார்த்துப் பழகச் சொல்கிறார். 126ஆம் குறளைத் தேடிப் படியுங்கள். திருமாலின் அவதாரங்களில் ஒன்று கூர்மம், அதாவது ஆமை. ஆந்திராவில் ஸ்ரீகூர்மம் கோவிலுக்குள் நட்சத்திர ஆமைகளை வைத்து வளர்க்கிறார்கள். இங்கே எங்கள் வீடுகளிலேயே எத்தனை பேர் பித்தளை ஆமையைத் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார்கள்? காசு கொடுத்து வாங்கிய பித்தளை ஆமை அதிர்ஷ்டமாம். உயிரோடு நடந்து வந்த ஆமை தரித்திரமாம். இது நம்பிக்கைகூட இல்லை. யோசிக்கப் பஞ்சி, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றில் பெரியவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஊரில் மழைக்காலத்தில் முற்றத்துக்கு வருவது பெரும்பாலும் பாலாமை. அது குளத்தில் வாழ்வது. அதைத் தூக்கிக் குளத்தில் விடுவது சரியான வேலை. அம்மம்மா அதைத்தான் பார்த்து வளர்ந்தவ. இங்கிலீஷில் தண்ணீரில் வாழ்வதற்கு ஒரு பெயர், தரையில் வாழ்வதற்கு வேறு பெயர். நாங்கள் பொதுவாக எல்லாவற்றையும் ஆமை என்றே சொல்லிவிடுகிறோம். ஆமை என்றால் தண்ணீர் என்று மனதில் பதிந்துவிட்டது. பாலாமை, கடலாமை, தரையாமை என்று பிரித்துச் சொல்லத் தமிழில் சொல் இருக்கிறது. நாங்கள்தான் பாவிப்பதில்லை.

ஆகவே ஆமையைக் கண்டால் முதலில் காலைப் பாருங்கள். யானைக்கால் மாதிரித் தடித்த கால், உயரமான ஓடு என்றால் தரையாமை. விரல்களுக்கு நடுவே தோல், தட்டையான ஓடு என்றால் தண்ணீரில் வாழ்வது.

தரையாமை என்றால் அது ஒரு வீட்டில் காணாமல் போனது. ஒரு பெரிய பெட்டியில், வெயில் சுடாத இடத்தில் வையுங்கள். தட்டையான பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர், மருந்து அடிக்காத புல்லும் டண்டிலயன் இலையும் போதும். பாணும் சோறும் வேண்டாம். 311க்கு அழைத்து நகரசபையின் விலங்குச் சேவைக்குச் சொல்லுங்கள். தெருவில் தாள் ஒட்டுங்கள், ஆனால் ஓட்டில் உள்ள அடையாளத்தை எல்லாம் எழுதிவிடாதீர்கள். என்னுடையது என்று வருபவர் அதைச் சொல்லட்டும், பழைய படம் ஒன்றைக் காட்டட்டும். தொட்ட பிறகு கையைச் சோப் போட்டுக் கழுவுங்கள். ஆமையின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

தண்ணீர் ஆமை என்றால் இன்னொரு கேள்வி. கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருக்கிறதா? இருந்தால் அது செங்காது ஆமை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்தது, கடையில் வாங்கியது. இதையும் குளத்தில் விடக் கூடாது. இங்குள்ள ஆமைகளின் வெயில் காயும் இடத்தையும் சாப்பாட்டையும் பிடித்துக்கொள்ளும், நோயும் பரப்பும். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. சிவப்புப் பட்டை இல்லாத உள்ளூர் ஆமை என்றால் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரக் கூடாது. ஆனி மாதத்தில் அவை முட்டை இடத்தான் கரையேறி வருகின்றன. தெருவைக் கடந்தால், அது போகும் திசையிலேயே கடக்க உதவுங்கள். ஒன்ராறியோவின் சொந்த ஆமைகள் 8 வகை. எட்டுமே ஆபத்தில் இருப்பவை என்று மதிப்பிடப்பட்டிருக்கின்றன. எங்கள் ஸ்காபரோவின் ரூஜ் பூங்காவில், 2014 முதல் ரொறன்ரோ மிருகக்காட்சிசாலையும் கனடாப் பூங்காத் துறையும் பிளாண்டிங் ஆமைக் குஞ்சுகளை வளர்த்து விடுகின்றன. அவர்கள் ஒவ்வொரு குஞ்சாகப் பொத்திப் பொத்தி வளர்க்கிறார்கள். நாங்கள் வாளியில் கொண்டுபோய்க் கண்டதையும் கொட்டுகிறோம்.

இனி ஆமை வளர்ப்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. "அது மெதுவாகப் போறது, எங்க போகப்போகுது?" என்பதுதான் நீங்கள் சொல்லும் பொய். அந்தப் பிள்ளையின் ஆமை மத்திய ஆசியாவைச் சேர்ந்த இனம். தோண்டுவது அதன் பிறவிக்குணம். 1968 செப்டம்பரில் சோவியத் ஒன்றியத்தின் சோண்ட் 5 விண்கலம் நிலவைச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது, உள்ளே இருந்தவை இதே இனத்து ஆமைகள் இரண்டு. மனிதர் நிலவைச் சுற்றியது அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான். நிலவைச் சுற்றி வந்த இனத்துக்கு உங்கள் வேலி ஒரு தடையா? வேலியின் அடியை மண்ணுக்குள் ஒரு அடியாவது இறக்குங்கள். மிருக வைத்தியரிடம் மைக்ரோசிப் போடுங்கள்.

தொலைந்துவிட்டால் அன்றைக்கே தேடுங்கள். முதலில் வீட்டுக்குள். பிரேசிலில், ரியோ நகரத்தில், 1982இல் மனுவேலா என்ற ஆமை காணாமல் போனது. கட்டட வேலை நடந்தபோது வாசல் திறந்து கிடந்ததால் வெளியே போய்விட்டது என்று குடும்பத்தார் நினைத்தார்கள். 2013இல் அது அதே வீட்டுச் சாமான் அறையில் பழைய பெட்டி ஒன்றில் உயிரோடு கிடைத்ததாகச் செய்தி வந்தது. பிறகு வேலி ஓரம், டெக்கின் அடி, செடிப் புதர். ஆமை திறந்த வெளியைவிடச் சுவர் ஓரமாகப் போவதையே விரும்பும். நின்று பார்த்தால் தெரியாது, குந்தியிருந்து பாருங்கள். காலை வெயில் ஏறும் நேரம் நல்லது, உடம்பைச் சூடாக்க வெளியே வரும். அயலவரிடம் புல்லு வெட்டுமுன் ஒருதரம் பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாளே எல்லாக் கதவையும் தட்டுங்கள். அந்தப் பிள்ளையும் அப்பாவும் திங்கட்கிழமையே வந்திருந்தால் மாமிக்கு அது யாருடையது என்று தெரிந்திருக்கும். ரொறன்ரோவில் ஐப்பசிக் குளிர் வந்துவிட்டால் வெப்ப நாட்டு ஆமைக்குத் தப்ப வழியில்லை.

ஆனால் நான் இதை எழுதுவது முக்கியமாக உங்களுக்காக. அந்தக் குழுவில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரண்டு பேர் என்னிடம் பிறகு சொன்னார்கள்: "அண்ணா, எங்களுக்கும் தெரியும். பெரியாக்கள் கதைக்கேக்க எப்பிடிச் சொல்லுறது?" முப்பது தாண்டிய நானே சொல்லவில்லை. அவர்களை எப்படிக் குறை சொல்வது?

மரியாதை என்றால் பேசாமல் இருப்பது என்று எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். மாமி மோசமான ஆள் இல்லை. ஆரும் ஒருதரம் சொல்லியிருந்தால், அந்த ஆமையைப் பெட்டியில் வைத்துக் கீரையும் போட்டிருப்பா. நாங்கள் அத்தனை பேரும் வாயை மூடி இருந்ததால்தான் அவ அந்தப் பாவத்தைத் தலையில் சுமக்கிறா. இப்போதும் தக்காளிப் பாத்தியைக் காணும்போதெல்லாம் அதைத்தான் சொல்லுவா.

அடுத்த முறை இப்படி ஒரு படம் வந்தால் நீங்கள் பெரிய வாதம் ஒன்றும் செய்ய வேண்டாம். "மாமி, பொறுங்கோ. இது ஆருடையது எண்டு முதல்ல கேப்பம்." இவ்வளவும் எழுதப் பத்து விநாடி. கூட்டத்தில் இருந்தாலும் எழுதலாம்.