மூக்குக்குத் தெரியாத நஞ்சு

"அந்தமானில் மீன் கடலிலிருந்து நேரே கைக்கு வருகிறது. ஹேசப் (HACCP) என்ற உணவுப் பாதுகாப்பு முறை ஏற்றுமதிக் கம்பெனிகளின் காகித வேலை, நமக்கு மூக்கும் செவுளும் போதும்" என்கிறார்கள். செவுளைப் புரட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் சூரை மீனில் உண்டாகும் ஹிஸ்டமினுக்கு வாடை கிடையாது. ஜங்கிலிகாட் இறங்குதளத்தில் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரை அப்போதும் பளபளக்கலாம். பிறகு எவ்வளவு கொதிக்கவிட்டாலும், உறையவைத்தாலும் அந்த ஹிஸ்டமின் போகாது. தின்றவருக்கு முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பு தடித்துப்போகும்.

காகித வேலை என்பதைப் பாதி ஒப்புக்கொள்கிறேன். மீனின் வெப்பநிலையை எழுதும் பதிவேட்டில் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, மேலிருந்து கீழ்வரை 4, 4, 4! சாயங்காலம் உட்கார்ந்து நிரப்பியது அது. அதற்காகப் பதிவேட்டைக் கடலில் எறியச் சொன்னால் எப்படி? வெப்பமானியை மீனின் முதுகுச் சதையில் செருகிப் பார்க்க வேண்டும். 4 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பெட்டியை யார் ஒதுக்குவது, எவ்வளவு நேரம் வெளியே கிடந்தது என்று யாரைக் கேட்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவைக்க வேண்டும். 1997இல் இந்தியக் கடலுணவை ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்திய பிறகுதான் பல ஆலைகள் இதைக் கற்றன.

இங்கிருந்து சென்னைக்கு 1,200 கிலோமீட்டருக்கு மேல். வழியில் பெட்டியைத் திறந்து யார் மூக்கை நுழைப்பது?